ஆறிலிருந்து மூன்றுக்கு

"பின்மண்டையிலதான் அண்ணாச்சி அடி. குப்புற விழல... மல்லாக்க விழுந்தேன்."

"ஹிந்தி மே போலோ."

அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சு மொத்தமே கிட்டத்தட்ட இவ்வளவுதான். அடிபட்டதைச் சொன்னவன் பூதத்தான். வெல்டர், தாராவியில் குடித்தனம். ஹிந்தியில் பேசு என்று சொன்னவர் பிரம்மநாயகம். இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒருத்தர் ஊரில் கோயில் கொட்டு அடித்தால் இன்னொருத்தர் ஊரில் கேட்கும், அவ்வளவு பக்கம்.

நம்ம செம்பூர் முருகம்மாள் இருக்கிறாளே, அவளுடைய சித்தப்பாதான் இந்தப் பிரம்மநாயகம். நடந்ததை அவர் தன் மனைவி சொர்ணம்மாளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சித்தி வாயிலிருந்து முருகம்மாள் கேட்டது இது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கைச் சின்னதாக்கினால் போதும்... அணைக்க வேண்டாம்.

சாயங்காலம் ஏழே கால். அறுபத்தேழாம் வருஷம், டிசம்பர் மாதம். இரண்டு பேரும் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டிலிருந்து செம்பூர் ஸ்டேஷனுக்குப் போகிற குறுக்குப் பாதை. ஒரு பக்கம் கம்பெனியின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் சேறு, கோரைப்புல். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடம் அது. அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை எப்போதும் நிற்கும். சுவர் முடிகிற இடத்தில் ஒரு ஒற்றைத் தண்டவாளம் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஆட்கள் ஏறுகிற வண்டி அதில் வராது. எண்ணெய் டேங்கர்கள் மட்டும்தான். இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும், டேங்கர்கள் முன்னால் உருண்டு வரும். முன்னால் விளக்கு இருக்காது. சத்தம்... கிட்டே வந்த பிறகுதான். அங்கே கேட் கிடையாது, கேட்மேன் கிடையாது.

அந்த வழியாகத்தான் பிரம்மநாயகம் தினமும் வீட்டுக்குப் போவார். செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கினால், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கே சொர்ணம் காத்திருப்பாள். கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், அவளுக்கு அப்போது ஏழு மாசம். அந்தக் குழந்தைக்காக இரண்டு பேரும் வேண்டாத தெய்வம் இல்லை.

அவர் வேலை கம்பெனி டிஸ்பென்சரியில். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். கண் சம்பந்தப்பட்டது முழுக்கப் பிரம்மநாயகம் பொறுப்பு. அதற்கென்று ஒரு சின்ன அறை. ஜன்னலில் கறுப்புத் துணி. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, துணியை இழுத்துவிட்டு, எதிர்ச் சுவரையே பார்க்கச் சொல்வார். கையில் பேனா மாதிரி ஒரு டார்ச்.

வலது கண்ணில் அடித்தால் வலது கண்மணி சுருங்கும். வெளிச்சமே படாத இடது கண்மணியும் கூடவே சுருங்கும். உடனே டார்ச்சை இடது பக்கம் தள்ளுவார். கண்ணும் நரம்பும் நன்றாக இருந்தால் சுருங்கினது அப்படியே நிற்கும். நரம்பு கெட்டிருந்தால் வெளிச்சம் பட்டும் அது விரியும். கறுப்பு வட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையைக் கன்னத்தருகில் பிடித்து அளவு பார்ப்பார். இருட்டில் ஆறு மில்லிமீட்டர், வெளிச்சத்தில் மூன்று. ஆறு, மூன்று என்று எழுதினால் நல்ல கண் என்று அர்த்தம்.

கண் தெரியவில்லை என்று சொல்லி லீவு வாங்க வந்த பதினொரு பேரை அந்த டார்ச்சால் கையும் களவுமாகப் பிடித்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

"மூஞ்சியை எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடலாம். கண்மணியை வச்சுக்கிட முடியாது, கேட்டியா," என்று சொர்ணத்திடம் சொல்லிச் சிரிப்பார்.

"அப்ப எங் கண்ணுல அடிச்சுப் பாருங்களேன். உங்க மேல கோவமா இல்லியான்னு அதுலயே தெரிஞ்சுக்கிடலாம்லா," என்பாள் அவள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம்தான்.

ஆனால் அந்த வருஷம் பம்பாயில் காற்று வேறு மாதிரி அடித்தது. மதராஸிகள் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று சுவரில் எழுதினார்கள், கேன்டீனில் பேசினார்கள். யாரோ ஒருத்தர் பெயர் போடாமல் ஒரு கடுதாசியும் எழுதிவிட்டார். கண் பார்க்கிற மதராஸி தன் ஆட்களுக்கு மட்டும் சாதகமாக எழுதுகிறான் என்று. டாக்டர் அதை அவரிடமே காட்டினார். எச்சரிக்கையாக இரு என்று மட்டும் சொன்னார். பிள்ளை பிறக்கப் போகிற நேரம். வேலை போனால் எங்கே போவது?

அந்த வாரத்தில்தான் பூதத்தான் வந்தான். பக்கத்து வீட்டுப் பிச்சையா கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனான். பிச்சையாவும் அதே கம்பெனியில்தான் வேலை. சாரம் சரிந்து விழுந்து ஐந்து நாள் ஆகிறது, அன்றிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். அறையில் கிளார்க் உட்கார்ந்திருந்தார். மராட்டிக்காரர், நல்ல மனிதர்தான், தாளைக் கோத்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தார். ஆனாலும் பூதத்தான் தமிழில் வாயைத் திறந்ததும் பிரம்மநாயகத்துக்கு முதுகு கூசியது.

அதனால்தான் ஹிந்தியில் பேசச் சொன்னார்.

பூதத்தானுக்கு ஹிந்தி நாலு வார்த்தைதான் தெரியும். "கிர் கயா, சாப். நஹி திக்தா." விழுந்தேன், தெரியவில்லை. கிளார்க் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எங்கே அடி என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அது காலியாகவே போயிற்று.

பிரம்மநாயகம் டார்ச்சை அடித்தார். வலது கண், ஆறிலிருந்து மூன்றுக்கு. இடது பக்கம் தள்ளினார். மூன்று. நின்றது. இவ்வளவு சுத்தமான கண்ணை அந்த மாசத்தில் அவர் பார்க்கவில்லை. பூதத்தான் என்னமோ கேட்கிற மாதிரி உதட்டைப் பிரித்தான். பிறகு மூடிக்கொண்டான். பன்னிரண்டாவது ஆள் என்று நினைத்துக்கொண்டார் பிரம்மநாயகம். கண்ணில் கோளாறு இல்லை, நடிப்பு என்று எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பூதத்தானுக்கு உத்தரவு போயிற்று.

அவன் வந்தான். காலையில் பிச்சையா கூட்டிவருவான், சாயங்காலம் கூட்டிப்போவான். பகலெல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்து, தடவித் தடவிப் போல்ட்டுகளைப் பொறுக்கிப் போட்டான். மூன்று நாள் அப்படிப் போயிற்று. வியாழக்கிழமை பிச்சையாவை இரண்டாவது ஷிப்டுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

நான் சொன்ன அந்த ஏழே கால், இந்த வியாழக்கிழமைதான்.

பிரம்மநாயகம் பாதையில் வருகிறார். தெருவிளக்கு தூரத்தில் ஒன்றே ஒன்று. சுவர் முடிகிற இடத்தில் ஓர் ஆள் நிற்கிறான். உள்ளங்கை சுவரின் கடைசிச் செங்கல்லில் இருக்கிறது. முகம் கொஞ்சம் மேலே பார்த்தபடி... பூதத்தான். சுவரைப் பிடித்தபடியே அவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறான். சுவர் தீர்ந்ததும் நின்றுவிட்டான்.

என்னைப் பார்த்துவிட்டுத்தான் நடிக்கிறான் என்று நினைத்தார். நினைத்தார் என்பது கூடச் சரியில்லை. அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பின்னால் கம்பெனி ஆட்கள் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. யாரும் இல்லாமலே பயந்தார்.

அவர் சட்டையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை இருக்கும். அவன் மூக்கை லேசாக உயர்த்தினான். முகம் அவர் பக்கம் திரும்பியது. உதடு பிரிகிற சத்தம்... காய்ந்த உதடு, 'ப்ச்' என்று. ஏதோ கேட்கப் போகிறான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் கேட்கவில்லை. வாய் மூடிக்கொண்டது.

அவர் தண்டவாளத்தைத் தாண்டி நடந்துவிட்டார். ஏழு முப்பத்திரண்டு வண்டி கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.

மறுநாள் காலையில் கேட்டிலேயே சொன்னார்கள். டேங்கர் வண்டி. எட்டு மணி சுமாருக்கு.

அப்படியானால் அவன் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான்.

கிளார்க் ஒரு கேள்வி கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். கண் நன்றாகத் தெரிகிறவன் எப்படிப் போய் வண்டிக்கு முன்னால் கால் வைப்பான்? பிரம்மநாயகம் கையைக் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை. கடைசி ஆளை அனுப்பும்போது மணி ஆறரை. கிளார்க் கிளம்பியாயிற்று. டார்ச்சை எடுத்து வைக்க அந்தச் சின்ன அறைக்குள் போனார். கறுப்புத் துணி இழுத்தபடியே இருந்தது. உள்ளே ஒரு வாசனை. காந்தின இரும்பு... வெல்டிங் முடிந்த உடனே வருமே, அது. ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. யாராவது உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு பக்கம் சாயும்.

டக்.

அவர் டார்ச்சை அடித்தார். முகம் இல்லை. உடம்பு இல்லை. ஓர் ஆள் உட்கார்ந்தால் கண் இருக்கிற உயரத்தில் இரண்டு கண்மணி மட்டும். கறுப்பாக, அகலமாக, ஈரத்தோடு. ஆறு. அவர் பார்க்கப் பார்க்க அவை சுருங்கின. மூன்று.

ஓடத்தான் நினைத்தார். ஆனால் கை இருக்கிறதே, அது பழகின கை. அது தானாகவே டார்ச்சை இடது பக்கம் தள்ளியது. மூன்று. நின்றது.

நல்ல கண்.

கதவைக் கூடச் சாத்தாமல் ஓடிவந்தார். வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். சொர்ணம் சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமையும் டக். செவ்வாய்க்கிழமையும் டக். டார்ச்சை அடித்தால்தானே தெரிகிறது என்று செவ்வாயன்று அடிக்காமல் நின்றார். இருட்டில் அது இன்னும் மோசம். மூச்சு விடுகிற சத்தம் இல்லை. உதடு பிரிகிற சத்தம் மட்டும். 'ப்ச்.' கொஞ்ச நேரம் கழித்து, மூடிக்கொள்கிற சத்தம். மறுபடி பிரிகிறது... மூடுகிறது. என்னமோ கேட்க வேண்டும், கேட்க வாய் வரவில்லை.

எழுதினதை மாற்றச் சொல்கிறான் என்று தீர்மானித்தார் பிரம்மநாயகம். புதன்கிழமை டாக்டர் வந்த நாள். யாருக்கோ என்கிற மாதிரிச் சுற்றி வளைத்துக் கேட்டார். கண்மணி சரியாக வேலை செய்து, ஆளுக்குப் பார்வை மட்டும் இல்லாமல் போகுமா?

டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். போகும். பார்க்கிற வேலை கடைசியில் மூளையில்தான் நடக்கிறது, அதுவும் பின்மண்டைக்குள். அங்கே பலமாக அடிபட்டால் கண் பளிங்கு மாதிரி இருக்கும், வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கும், விரியும். ஆளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அபூர்வம், ஆனால் உண்டு. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வெல்டருக்கு எங்கே அடி, அவன் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"சொல்லவில்லை சார்," என்றார் பிரம்மநாயகம்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. திரும்ப எடுக்க முடியவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டார். செத்துப்போனவனுக்கு இனி எழுதி என்ன, ஃபைல் மேலே போய்விட்டது என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் இருட்டறைக்குள் போகவே இல்லை. கதவு சாத்தியிருந்தது. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குக் கதவு வழியாகவே கேட்டது. டக்.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனார். பேராச்சியைப் பார்க்க, அதாவது பூதத்தான் பெண்சாதியை. போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். தோல் காயப் போட்டிருக்கிற ஒரு சந்தைக் கடந்து, அந்தக் குறுகல் தெருவைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு வீடு. கம்பெனியிலிருந்து நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருக்கிறாரே என்று அவள் அவசரமாகப் பாயை விரித்தாள். பக்கத்து வீட்டில் பால் வாங்கி டீ போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு இவர் யார் என்றே தெரியாது.

"அவுக யாருகிட்டயும் எதையும் கேக்க மாட்டாக அண்ணாச்சி," என்றாள். "பசிச்சாக்கூடச் சோறு போடுன்னு கேட்டதில்ல. நானாப் பாத்துப் போட்டாத்தான். கண்ணு போன பிறகு வாசல்ல வந்து நிப்பாக. யாராச்சும் கையப் பிடிக்கிற வரைக்கும் நிப்பாக." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கும் அப்படித்தான் நின்னிருப்பாக. அந்தப் பாதையில ஒரு ஆளுகூட இல்லாமப் போச்சு போல."

பிரம்மநாயகம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வந்த காரியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சொர்ணத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஹிந்தியில் பேசச் சொன்னது, காலிக் கட்டம், சுவரின் கடைசிச் செங்கல், டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அவள் வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கடைசியில் ஒன்று கேட்டாள். "அந்த மனுசன்கிட்ட இதுவரைக்கும் தமிழ்ல ஒரு வார்த்தையாச்சும் பேசினீகளா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவுக கேக்க மாட்டாகன்னு அந்தப் பிள்ளையே சொல்லுது. பொறவு எதுக்கு அவுக கேக்கட்டும்னு உக்காந்திருக்கீக? நீங்க கேளுங்க. என்ன வேணும்னு வாயைத் தொறந்து கேளுங்க." பிறகு அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "இது பொறக்கதுக்குள்ள கேட்டுட்டு வந்திருங்க."

மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கறுப்புத் துணியை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால். வாசனை இல்லை. ஸ்டூல் அசையவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தார். எதிர்ச் சுவர் தெரிந்தது. அவ்வளவுதான். ஏழு மணி வரைக்கும் காத்திருந்தார். போய்விட்டான் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. கதவைப் பூட்டினார். டார்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

குறுக்குப் பாதை. அமாவாசையோ என்னமோ, வானத்தில் ஒன்றும் இல்லை. தூரத்துத் தெருவிளக்கும் அன்றைக்கு எரியவில்லை. கோரைக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம், சளக்... சளக். கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். செங்கல், செங்கல், செங்கல்... பிறகு கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுவர் முடிந்துவிட்டது.

காந்தின இரும்பு வாசனை.

நின்றார். ஓடலாம். பின்பக்கம் கம்பெனி கேட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறான். ஓடவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தார். ஒரு சாண் தூரத்தில்... இரண்டு கண்மணி. நிற்கிற ஆளின் உயரத்தில். ஆறு. மூன்று. அவரையே பார்க்கிற மாதிரி இருந்தன. பார்க்கவில்லை. அவரைத் தாண்டி எங்கேயோ, ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் நிலைகுத்தி நின்றன.

அந்தக் கண்ணில் இன்னொரு தடவை வெளிச்சம் அடிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. டார்ச்சை அணைத்தார்.

"பூதத்தான்..." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான்தாம்ப்பா, பிரம்மநாயகம். நீ பின்மண்டையிலன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. உனக்கு என்ன வேணும்? எங்கிட்ட கேளு."

வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் ஆள் குருடன்தான். அவர் தொழிலே அதுதானே, அவருக்குத் தெரியாததா? எதிரில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மிதந்தன. தன் கையே தெரியவில்லை. குரல் வரும் என்று நினைத்த பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். செருப்புக்கடியில் ஜல்லி நொறுங்கியது. இன்னோர் அடி. கால் கட்டைவிரலில் வழுவழுவென்று சில்லென்று ஓர் இரும்பு தட்டியது. அது இந்தப் பக்கத்துத் தண்டவாளமா, தாண்டி அந்தப் பக்கத்துத் தண்டவாளமா? எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. இரும்பு லேசாக அதிர்கிற மாதிரி இருந்தது. இல்லை, தன் கால்தான் நடுங்குகிறதோ...

முழங்கைக்கு மேல் ஒரு கை வந்து பிடித்தது. சொரசொரப்பான கை. பொறி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை. இறுக்கிப் பிடிக்கவில்லை. கண் தெரியாதவர்கள் பிடிப்பார்களே, பாதி தயக்கத்தோடு, அப்படி.

காதோரத்தில் உதடு பிரிகிற சத்தம் கேட்டது. 'ப்ச்.'

இந்தத் தடவை அது மூடிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி... வண்டி வருதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதீகளா?"